வலப்பக்கம் திரும்பி ஓடுகிறவன்

முழங்கால் வலி வந்து ஒரு வருடம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை. கல்யாணப் பேச்சு தட்டிப்போய்க்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் பேச்செடுப்பவர்களே ஓய்ந்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஊருக்கே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் தன் காலுக்கு இன்னொருவனிடம் போய் நிற்பானா? தைலம், ஸ்பிரே, முழங்கால் உறை என்று கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஷூதான் கோளாறு என்று முடிவுகட்டி மூன்று ஜோடி மாற்றினேன். வலி எதற்கும் அசையவில்லை.

வலது முழங்காலின் வெளிப்பக்கம். திருச்சுழி சாலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் சமர்த்தாக இருக்கும். அதன்பின் ஊசியால் குத்துவதுபோல ஆரம்பிக்கும். நின்றுவிடுவேன். இரண்டு பக்கமும் கருவேலமரம், நடுவில் ஒற்றை ஆளாக நான் நொண்டிக்கொண்டு திரும்பி வருவேன். பால்வண்டிக்காரர் ஒருவர் தினமும் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்கிறீகளாண்ணே?" என்று கேட்பார். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தக் கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம். காலையில் ஓடுகிற அந்த ஒரு மணி நேரத்தைத் தவிர என் நாளில் எனக்கென்று எதுவும் கிடையாது. கடையில் நான் பேசுவதெல்லாம் "சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்பதோடு முடிந்துவிடும். டாக்டரிடம் போனால் ஓடாதே என்று சொல்லிவிடுவார். அதற்குப் பயந்துதான் நொண்டிக்கொண்டிருந்தேன்.

மருந்து எடுக்க மதுரைக்குப் போன ஒரு நாள், ஒரு பிசியோதெரபி நிலையத்தின் பலகை கண்ணில் பட்டது. ஓடுகிறவர்களின் கால்வீச்சைப் படம்பிடித்துப் பார்த்துச் சொல்வோம் என்று எழுதியிருந்தது. டாக்டர் இல்லை, பிசியோதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படியேறினேன்.

அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். என் இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாவற்றிலும் வெள்ளை ஒட்டுப்பொட்டுகளை ஒட்டி, டிரெட்மில்லில் ஏற்றிவிட்டாள். பின்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒரு கேமரா. பத்து நிமிடம் ஓடினேன். பிறகு கம்ப்யூட்டரில் அதை மெதுவாக ஓட்டிக் காண்பித்தாள். இத்தனை வருடம் ஓடியிருக்கிறேன், பின்னாலிருந்து என்னைப் பார்த்தது அன்றுதான். கோணலும் மாணலுமாக ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான்.

"சார், உங்க ஷூ நல்லாத்தான் இருக்கு. முழங்கால்லயும் ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க, தோள் முழுக்க வலப்பக்கம் திரும்பியிருக்கு. உடம்பு சாயுது. அந்தப் பாரத்தைத் தாங்க வலது கால் ஒவ்வொரு தடவையும் உள்பக்கமா குறுக்க வந்து விழுது. வெளிப்பக்கத் தசைநார் உரசி உரசி வலிக்குது" என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "வலப்பக்கம் யார்கிட்டயாவது பேசிக்கிட்டே ஓடுவீங்களா?"

திரையில் திரும்பியிருந்த அந்தத் தோளையே பார்த்தேன்.

ஒன்பது வருடம் ஒருவன் என்னோடு ஓடினான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. விடியற்கால ஃபஜர் தொழுகை முடித்துவிட்டு நேரே வந்துவிடுவான், அவன் வருகிற நேரம்தான் எங்கள் ஓட்டத்துக்கு மணி. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வலது காது கேட்காது. அதனால் எப்போதும் அவனுக்கு இடப்பக்கமாக நான் ஓடுவேன். ஓட்டத்தில் மூச்சு வாங்கும், நேரே பார்த்துப் பேசினால் பேச்சு அவனுக்கு எட்டாது. கழுத்தையும் தோளையும் அவன் பக்கம் திருப்பி, அவன் காதுக்குள் போடுகிறமாதிரி பேச வேண்டும். ஊர்க்கதை மொத்தமும் அப்படிப் பேசியதுதான். அவன் சவுதிக்குப் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில் ஆள் இல்லை என்பது என் தோளுக்கு மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது.

"முன்னாடி ஒருத்தன் என்கூட ஓடுவான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி வைத்தியம். கால் எட்டிவைக்கிற தூரத்தைச் சுருக்கி, அடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இடுப்புக்குப் பலம் ஏற்ற வேண்டும். பார்வை நேராகச் சாலையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். என் வீடியோவையும் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

முதல் இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. மூன்றாவதுதான் படுத்தியது. முன்பு எங்கள் பேச்சு சூடுபிடிக்கிற வாய்க்கால் பாலம் வந்தால் கழுத்து தானாக வலப்பக்கம் போகும், இழுத்து நேரே வைப்பேன். நேரே பார்த்து ஓடும்போதுதான் அந்தச் சாலை எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஆனால் வலி குறைந்தது. இரண்டு கிலோமீட்டர் நாலாகி, நாலு ஆறாயிற்று. பால்வண்டிக்காரர் கையை மட்டும் காட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

வலியே இல்லாமல் பழைய தூரம் முழுக்க ஓடி முடித்த அன்று, அந்தக் கோணல் வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். எங்கள் பேச்சு அதற்குள் வாழ்த்தளவுக்குச் சுருங்கியிருந்தது, பெருநாளுக்கு நான், பொங்கலுக்கு அவன். "நான் ஓடுற லட்சணத்தப் பாரு" என்று மட்டும் எழுதினேன். அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததுமே புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

புரிந்துதான் இருந்தது. மறுநாள் மத்தியானம் குரல் செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே பேசினான்.

"ஏலே மாப்ள, என் காதுப் பக்கமே திரும்பிக்கிட்டு ஓடுற. இனிமே அந்தக் கஷ்டமெல்லாம் உனக்கு வேண்டாம்டா. மெஷினு வச்சு ரெண்டு வருசமாச்சு, இப்ப ரெண்டு காதும் சுத்தமா கேக்குது. ஒன்ட்ட சொல்லலையா நான்?"

சொல்லவில்லை. மெஷின் வைத்த பிறகு ஒரு தடவை லீவுக்கு வந்து, என் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டும் போயிருக்கிறான். அன்றைக்கும் நான் பழக்கத்தில் அவனுக்கு இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன். கோபம் வந்தது. என் முழங்கால் வலியை நான் அவனிடம் சொன்னேனா என்று யோசித்ததும் அந்தக் கோபமும் நிலைக்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று இரண்டு முறை அந்தக் குரலைக் கேட்டேன். "ரொம்ப சந்தோசம் மாப்ள" என்று அனுப்பினேன். சந்தோஷம்தான், பொய் இல்லை. ஆனாலும் அழுகை வந்தது.

அடுத்த நாள் காலையில் ஓடினேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வெகு தூரம் போனபிறகுதான் கவனித்தேன், கழுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை.