புது டிவியும் கிழிக்காத காலண்டரும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில் நடந்தது இது. நான் தனியார் பஸ் டிரைவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஆறு நடை ஓட்டுவேன். வீடு கடலூர் முதுநகரில். இருபத்தாறு வருடமாக அதே சாலை. எங்கே பள்ளம், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் எனக்குக் கர்வமும் ஜாஸ்தி.

வீட்டிலிருந்த பழைய டிவியில் கொஞ்ச நாளாகவே படம் புகைமூட்டமாகத் தெரிந்தது. கிரிக்கெட் போட்டால் மட்டையைத் தூக்குவது தெரியும், பந்து எங்கே போனது என்று தெரியாது. மனைவியும் மகளும் "நல்லாத்தான தெரியுது" என்றார்கள். இவர்களுக்கு என்ன தெரியும் என்று, சிதம்பரத்தில் ஒரு கடையில் நாற்பத்து மூன்று இஞ்ச் எச்.டி. டிவி ஒன்றை எடுத்துவிட்டேன். மூக்கு இடிக்கிற மாதிரி பக்கத்தில் நின்று பார்த்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. வண்டி வைத்து அனுப்புகிறேன் என்றார் மேனேஜர். பஸ் டிரைவருக்கு எதற்கு இன்னொரு வண்டி? என் சீட்டுக்குப் பின்னாலேயே பெட்டியை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். வழியில் ஏறியவர்கள் எல்லாம் அதற்கும் ஒரு டிக்கெட் கிழிக்கச் சொல்லி கண்டக்டரைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார்கள்.

மறுநாள் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். சுவரில் ஓட்டை போட்டு டிவியை மாட்டி ரிமோட்டை என் கையில் கொடுத்தார். படம் வந்ததும் மனைவி வாயைப் பிளந்துவிட்டாள். "அப்பா, செய்தி வாசிக்கிறவங்க பொடவையில நூல் பிரிஞ்சிருக்குது பாரு" என்றாள் மகள்.

எனக்குப் புடவையே சரியாகத் தெரியவில்லை. பழைய டிவியில் சின்னதாக இருந்த புகை, புது டிவியில் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். கீழே ஓடும் எழுத்துகள் எறும்பு வரிசையாகத் தெரிந்தன. விளக்குகளைச் சுற்றி வட்ட வட்டமாக ஒளி படர்ந்தது. ஆசையாக வாங்கிய பொருள் இப்படி இருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

கடைக்குப் போன் போட்டேன். மேனேஜர் சாவகாசமாக, "பஸ்ஸுல ஏத்திகினு போனீங்களே சார், குலுக்கல்ல எதனா ஆயிருக்கும்" என்றார். ஒரு டிரைவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. என் வண்டியில் கூடை நிறைய முட்டையை ஏற்றிக்கொண்டு வருவார்கள், ஒன்றுகூட உடைந்ததில்லை. அடுத்த நடையில் சிதம்பரம் போனதும் நேரே கடைக்குள் நுழைந்து புகார் நோட்டைக் கேட்டு வாங்கினேன். கடையில் பெட்டி கட்டும்போதே மெக்கானிக் நல்ல டிவியை எடுத்துக்கொண்டு, பார்வைக்கு வைத்து ஓய்ந்துபோனதை உள்ளே வைத்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவர் அப்படிச் செய்ததற்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. கோபம் மட்டும்தான் இருந்தது.

அவர் மறுபடி வந்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார், வயரை மாற்றினார். "இப்ப?" "இல்ல." "இப்ப?" "இல்ல." மனைவிக்கே பொறுக்கவில்லை. "குத்தம் கண்டுபுடிக்கலன்னா உங்களுக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு அவருக்கு டீ போடப் போனாள்.

இதே நாட்களில் இரண்டு விஷயங்கள் நடந்தன. எதிரெதிரே வரும்போது டிரைவர்கள் நாங்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொள்வோம். அது எங்களுக்குள் வணக்கம். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, கை காட்டினால் திரும்பக் காட்டுவதில்லை என்று ஸ்டாண்டில் பேச்சு வந்தது. வேலையில்லாத பேச்சு என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று ஆலப்பாக்கம் தாண்டி நடந்தது. உளுந்து அறுப்புக் காலம். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று செடிகளைச் சாலையிலேயே பரப்பி வைத்திருந்தார்கள். வழக்கம்போல அதன்மேல் ஏற்றப் போனேன். கண்டக்டர் விசிலை விடாமல் ஊதினான். பிரேக்கை மிதித்து நிறுத்தினால், பம்பருக்கு இரண்டு முழம் முன்னால் ஒரு பெண் துடைப்பத்தோடு குனிந்திருந்தாள்.

"இன்னா மாமா, ஆளு குனிஞ்சிருக்குது, தெரியலயா?" என்றான் கண்டக்டர்.

"வெயிலு மூஞ்சில அடிக்குதுடா" என்றேன். அப்போது வானம் மூடியிருந்தது.

மூன்றாவது தடவை மெக்கானிக் வந்தது என் விடுமுறை நாளில், மத்தியான நேரம். என் புகாரால் அவர் வேலையே ஆட்டம் கண்டிருந்தது என்பதை, டீ கொடுக்கும்போது அவரிடம் விசாரித்திருந்த என் மனைவி சொல்லித்தான் பிறகு அறிந்தேன். அன்று அவர் டிவியைத் தொடவில்லை. கீழே ஓடும் செய்தியை மகளைப் படிக்கச் சொன்னார். மனைவியைப் படிக்கச் சொன்னார். இருவரும் கடகடவென்று படித்தார்கள். பிறகு என்னிடம், "சார், ஒரு கண்ண மூடிகினு பாருங்க" என்றார்.

"நீ டிவியப் பாக்க வந்தியா, என் கண்ணப் பாக்க வந்தியா?" என்று கத்தினேன்.

அவர் டிவியை அணைத்தார். அதன் பக்கத்தில் ஆணியில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. பெரிய பெரிய எண்ணாக இருக்குமே, அந்தக் காலண்டர். "அதுல இன்னா தேதி சார் போட்டிருக்குது?" என்று அமைதியாகக் கேட்டார்.

"பதினெட்டு" என்றேன் பட்டென்று.

மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். மெக்கானிக் காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பதினாலு என்று இருந்தது. பரீட்சை அவசரத்தில் மகள் நான்கு நாளாகத் தாளைக் கிழிக்கவே இல்லை. அன்று தேதி பதினெட்டுதான். எனக்குத் தெரிந்த தேதியைச் சொல்லியிருக்கிறேன், சுவரில் இருந்ததைப் பார்த்துச் சொல்லவில்லை.

காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாலையிலும் அப்படித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது. பள்ளத்தைப் பார்த்து ஒதுக்கவில்லை, பள்ளம் அங்கே இருக்கும் என்று தெரிந்து ஒதுக்கினேன். நிறுத்தத்தைப் பார்த்து நிற்கவில்லை, பழக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் மட்டும் என் மனப்பாடத்தில் இல்லை.

"நாளைக்கி டூட்டி இருக்குதா சார்?" என்று கேட்டார்.

"காலையில அஞ்சரைக்கு."

ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எங்க ஊட்டுல அவுங்க தெனம் புதுச்சத்திரத்துல ஏறி கடலூருக்கு வேலைக்கி வர்றாங்க சார். எந்த வண்டில வர்றாங்கன்னு நான் கேட்டதில்ல."

அவர் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அந்த நிமிடமே பஸ் முதலாளிக்குப் போன் போட்டேன். "கண்ணு சரியில்லீங்க, வேற ஆளப் போட்டுக்கோங்க" என்று சொன்னேன். டிரைவருக்குக் கண் போய்விட்டதென்று தெரிந்தால் பிழைப்பு முடிந்தது. அது மெக்கானிக்குக்கும் தெரியும். பேசி முடிக்கும் வரை பையைத் தோளில் மாட்டாமல் நின்றார். மறுநாள் காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, தன் பைக்கிலேயே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திருட்டுப் பட்டம் கட்டியவனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். அன்றைக்கு அழுத மாதிரி நான் எப்போதும் அழுததில்லை. ஹெல்மெட் போட்டிருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றியிருந்தது. "இத வச்சிகிட்டா பஸ் ஓட்டுனீங்க?" என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் முடிந்து, வேலைக்குத் தகுதி என்று சான்று கிடைக்க மூன்று மாதம் ஆனது. முதல் கண்ணின் கட்டைப் பிரித்த அன்றே கறுப்புக் கண்ணாடியோடு முதலில் போனது சிதம்பரம் கடைக்குத்தான். அதே புகார் நோட்டில், தப்பு என் கண்ணில் இருந்தது, அந்த மனிதர் மேல் இல்லை என்று எழுதினேன். அவர் வேலைக்கு வெளியே போயிருந்தார். மேனேஜர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு எனக்கு டீ சொன்னார்.

அன்று சாயங்காலம்தான் என் புது டிவியை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். புல் பச்சையாக இருந்தது, பந்து சிவப்பாக இருந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தேன். காதோரம் நிறைய நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று கேட்டேன். "கண்ணு வந்ததும் மொதல்ல இதத்தான் பாத்தீங்களா?" என்றாள்.

முதலாளி நல்ல மனிதர், என்னைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். எதிரே வரும் டிரைவர்களுக்கு இப்போது நான்தான் முதலில் கை தூக்குகிறேன். புதுச்சத்திரத்தில் ஏறுகிற பெண்களில் அந்த மெக்கானிக்கின் மனைவி யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. தெரிந்துவிட்டால் அவர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவேனோ என்ற பயத்தில், ஏறுகிற ஒவ்வொருவர் முகத்தையும் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் கியரைப் போடுகிறேன்.