குடுமியும் ஒரு கை எண்ணெயும்

ஆயர் ஈத்தாம் ஊரில் செங்கல் சூளை வேலையை விட்டு, வேறு வேலை தேடிச் சாஆ என்ற ஊர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சினார்கள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி பதினைந்து வயதாகிவிட்டது.

அப்போது கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். விடியுமுன் வேலையாட்களைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி எண்ணுவார்கள். அதற்குமுன் அம்மா என்னை லயத்து வீட்டு வாசலில் உட்காரவைத்து, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, குடுமியை முடிந்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு கூலாய்க்குப் போய்ச் சீனன் கடையில் கிராப்பு வெட்டிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை.

"முடி எங்கடா?"

"சீனன் கூட்டிக் கொட்டிட்டான்ப்பா."

குடுமி இல்லாத மகன் கொள்ளி வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

"நான் செத்தா அந்தச் சீனனையே கொள்ளி வைக்கக் கூப்பிடுறேன். இனி என் நிரைப் பக்கம் பால் வெட்ட வராத."

"வரல. இந்தத் தோட்டத்துலயே இருக்கப் போறதில்ல."

மறுநாள் விடியுமுன் துணி மூட்டையோடு வாசலுக்கு வந்தேன். அம்மா பழக்கத்தில் எண்ணெயைக் கையில் ஊற்றியிருந்தாள். முடிய ஒன்றுமில்லை. கையைப் பார்த்தாள், பிறகு என் குட்டை முடி முழுக்கத் தேய்த்தாள்.

"வெயில்ல நடக்காதடா."

அப்பா பெரட்டுக்குப் போய்விட்டிருந்தார். அதன்பின் இத்தனை வருஷமாக அவரை நான் பார்க்கவில்லை.

சாஆவை அடைந்த மறுநாள் காலை ஒரு தோட்டத்துப் பெரட்டில் நின்றேன். ஆள் எண்ணிய தண்டல் தகப்பன் பேர் கேட்டார். சொன்னேன்.

"இருக்காரா?"

"கொள்ளி வைக்க இன்னும் கூப்பிடலைங்க. இருப்பாரு."

அவர் சிரிக்கவில்லை. பால் வெட்ட ஒரு நிரை மரம் கொடுத்தார்.