ஜாக்கிக்கு வைத்த ஈர்க்கு

காரைத் தூக்குகிற அந்த ஜாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த மாலையே எனக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தவர் மேல் வீட்டு முஸ்லிம் அண்ணன்; நானா என்றுதான் கூப்பிடுவோம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு மண்வெட்டியை இரவல் கேட்டால்கூட பத்துக் கேள்வி கேட்பவர். அப்படிப்பட்டவர், மருமகன் கேட்ட உடனே சிரித்துக்கொண்டு ஜாக்கியைத் தூக்கி வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? வாசலில் நின்று மருமகனிடம் மெதுவாக என்னவோ சொன்னார். மருமகன் "சரி நானா, சரி நானா" என்று தலையாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஜாக்கிக்கு அடியில் நான் ஒரு பழைய பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் பேப்பரில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய். ஐம்பது வருடம் அடுப்படியில் இருந்தவளுக்கு ஒழுகுகிற சாமானைத் தெரியாதா?

மருமகனிடம் சொல்லலாம்தான். ஆனால் நான் அவரோடு பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது குறைவு. நான் அதற்கு மேலும் கூச்சக்காரி. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. சோறு வேண்டுமா என்பதை மகளிடம் கேட்பேன், மகள் அவரிடம் கேட்பாள். மகள் வீட்டில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்து "சோறு மேசையில இருக்கு" என்பேன். சுவர் சாப்பிடாது என்று அவருக்குத் தெரியும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அன்று சனிக்கிழமை. மகள் கண்டி டவுனில் புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஹேவாஹெட்ட பாதைக்கு மேலே, மேட்டில் இருக்கிறது எங்கள் வீடு. முற்றமும் பாதையை நோக்கிச் சரிந்துதான் கிடக்கும். அந்தச் சரிவில் காரை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினார் மருமகன். அடியில் சைலன்சர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கராஜ்காரர் அடுத்த வாரக் கடைசியில்தான் வரச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றவேண்டும் என்று இவருக்கு அவசரம்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கொழுந்து லொறி மலையில் வந்து நின்றால் முதலில் கீழே குதிப்பவர் கிளீனர். டயருக்குப் பின்னால் கட்டை விழுந்த சத்தம் கேட்காமல் ஒரு பெண்ணும் லொறிக்குப் பின்னால் போகமாட்டாள். இங்கே கட்டையும் இல்லை, சத்தமும் இல்லை. நான் அடுப்படியிலிருந்து இரண்டு விறகுக் கட்டையை எடுத்துப் போய்ப் பின் டயர்களுக்கு முட்டுக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டார். உடனே போனில் மகளிடம், எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"ஒங்கம்மா காருக்கு வெறகு வச்சிருக்காங்க. இனி பத்த வச்சு தேத்தண்ணி ஊத்துவாங்க போல."

மகள் சிரித்தது எனக்கும் கேட்டது. சிரிக்கட்டும். கட்டையை அவர் எடுத்துப் போடவில்லை, அது போதும் எனக்கு.

பிறகு பின்பக்கத்துக் குவியலிலிருந்து இரண்டு சீமெந்துக் கல்லைக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் காருக்கு அடியில் வைத்தார். கல்லுக்கும் காருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. நடுவில் ஓட்டை உள்ள கல். அதே குவியலில் ஒரு கல்லின்மேல் தண்ணி வாளியை நான் கொஞ்சம் வேகமாக வைத்ததில் அது இரண்டாகப் போயிருக்கிறது. வாளிக்கே தாங்காத கல் காருக்குத் தாங்குமா? மேட்டுக்கு மேலிருந்து நானா எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் பார்த்தார். தன் சாமான் உடைகிறதா என்று பார்க்கிறாரா, இல்லை உடையும் என்று தெரிந்தே பார்க்கிறாரா? அந்த ஆள் மேல் எனக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

நான் ஒரு வேலை செய்தேன். பிளேன்டீ ஊற்றி உள்ளே மேசையில் வைத்து, சுவரைப் பார்த்து, "தேத்தண்ணி ஆறுது" என்றேன். அவர் உள்ளே போனதும் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். ஜாக்கிக்குப் பக்கத்தில், நிலத்துக்கும் காரின் அடித் தகட்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிற அளவுக்கு ஒடித்து, நேராக நிறுத்தினேன். அவர் பிளேன்டீ குடித்து முடித்து வருவதற்குள் அது வில் மாதிரி வளைந்திருந்தது.

என் கண்ணையே நான் நம்பவில்லை. காற்றாக இருக்கலாம், மண் இளகியிருக்கலாம். அவர் சுத்தியல் எடுக்கப் பின்பக்கம் போன நேரத்தில் இன்னோர் ஈர்க்கை ஒரு தட்டைக் கல்லின்மேல் நிறுத்தினேன். அதுவும் வளையத் தொடங்கியது. கார் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், கள்ளன் மாதிரி.

மருமகன் வந்து உரச்சாக்கை விரித்தார். மல்லாந்து படுத்து, தலையும் நெஞ்சும் காருக்கு அடியில் போகும்வரை நகர்ந்தார்.

"ஜாக்கி எறங்குது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். வராந்தாவிலிருந்து சொன்னது முற்றம்வரைக்கும் போகவில்லை. போனில் பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான் முற்றத்தில் இறங்கி, காருக்குப் பக்கத்தில் நின்று மறுபடி சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காருக்கு அடியில் சுத்தியல் சத்தம். ஒவ்வோர் அடிக்கும் கார் ஆடியது. மகள் தாலியோடு வேலைக்குப் போயிருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. குனிந்து, அவருடைய இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன்.

அவர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன மாமி! என்ன ஆச்சு?"

"உள்ள போகாதீங்க" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"நிக்குது தானே மாமி. பாருங்க, கல்லும் வச்சிருக்கேன்."

நான் ஈர்க்கைக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான்தான் வளைத்து வைத்தேன் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தானே ஓர் ஈர்க்கை உருவி, ஒடித்து, நிறுத்தினார். நான் படியில் உட்கார்ந்தேன், அவர் சாக்கின்மேல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஓர் ஈர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டை நிறுத்தினார். அவர் கண்ணுக்கு முன்னாலேயே அது மெல்ல வளைந்தது.

அப்போது நானா மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"தம்பி, உள்ளுக்குப் போகல்ல தானே? நான் நேத்தே சொன்னேன் தானே, இது தூக்க மட்டும்தான், டயர் மாத்த மட்டும்தான், அடியில படுக்க வாணாம்னு. மனசு கேக்கல்ல, அதான் எட்டி எட்டிப் பார்த்தேன்."

நான் மருமகனைப் பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் சுவரைப் பார்த்து, "தெரியும்" என்றார்.

நானா சுத்தியலை வாங்கி அந்தச் சீமெந்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். மூலை உதிர்ந்து போனது. "இது மதில் கட்டுற கல்லு தம்பி. வெடிக்கிறதுக்கு முந்தி சொல்லாது."

காரை இறக்கி, நானா வீட்டுக்கு முன்னால் உள்ள சமமான சீமெந்துத் தரைக்குக் கொண்டுபோனார்கள். நானா தெரிந்த கராஜ் ஒன்றில் கேட்டு, முக்காலி மாதிரி இரண்டு இரும்புத் தாங்கிகளை எடுத்து வந்தார். என் விறகுக் கட்டைகளையே பின் டயர்களுக்கு முன்னும் பின்னும் இறுக்கினார்கள். ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, தாங்கியை வைத்து, ஜாக்கியை இறக்கிக் கார் முழுவதும் தாங்கியில் உட்காரும்படி செய்தார்கள். இரண்டு ஆம்பிளைகளும் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை.

மருமகன் படுக்கப் போனவர் எழுந்து, என் முகத்தைப் பார்த்து, "மாமி, ஈர்க்கு?" என்றார்.

நானா சிரித்தார். "இரும்புக்கும் ஈர்க்கா தங்கச்சி?"

எனக்கு இரும்பு மேலும் நம்பிக்கை இல்லை. பக்கத்துக்கு ஓர் ஈர்க்கு நிறுத்திவிட்டு, அவர் வெளியே வரும்வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டும் நேராகத்தான் நின்றன. சைலன்சரை மாட்டி முடித்து, காரை எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்தார்.

நானாவுக்கும் ஒரு பிளேன்டீ கொடுத்தேன். அவரைப் பற்றி நினைத்ததை எல்லாம் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது மகள் வந்தாள். முற்றம் கூட்ட விளக்குமாற்றை எடுத்தவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "என்னம்மா இது, பாதி ஈர்க்கைக் காணோம்?"

உள்ளேயிருந்து மருமகன், "மாமி, சோறு போடுங்க" என்று கூப்பிட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள், கதவுப் பக்கம் பார்த்தாள், காருக்கு அடியில் குனிந்தும் பார்த்தாள். "என்னமோ நடந்திருக்கு" என்றாள்.