டிஸ்பென்சர் அருளப்பன் ஒட்டித் தந்த கடிதம்

காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தபால்காரன் வந்து, "பதுளையில டிஸ்பென்சர் அய்யா போயிட்டாருங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றான். நான் நிறுத்தவில்லை. கடைசிப் பேர்வரை கூப்பிட்டு முடித்த பிறகுதான் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

மடுல்சீமையில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்த அருளப்பனை அறிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாந்திபேதிக் காலத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கியதைச் சொல்வீர்கள். ஓய்வு பெற்றுப் பதுளைக்குப் போன அன்று தோட்டமே அழுததைச் சொல்வீர்கள். எல்லாம் உண்மை. இந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகிய நான் சொல்லப்போவதும் உண்மைதான். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அண்ணே என்பேன். கண் என்றால் அவருக்குப் பைத்தியம். ஒரு தீபாவளிக்கு ஆடு வெட்டிய இடத்திலிருந்து ஒரு கண்ணை இலையில் பொதிந்து கொண்டுவந்தார். பின்பக்கத்து வெள்ளைத் தோலைக் கத்தியால் சீவிச் சீவி மெல்லியதாக்கி, முன்பக்கத்தைச் சன்னலை நோக்கிப் பிடித்தார். அந்தத் தோலில் சன்னலும் வாசல் மரமும் நகத்தளவில் தெரிந்தன, தலைகீழாக. பிறகு கண்ணைப் பிளந்து, உள்ளிருந்த வில்லையை எடுத்துப் பத்திரிகை மேல் வைத்தார். எழுத்து பெருத்தது. "பாத்தியா வேலு, கண்ணு படத்தைப் புடிச்சுக் குடுக்கும், அம்புட்டுத்தான். அதை நிமித்திப் பாக்குறது மூளை" என்றார். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் இருவரையும் ஆட்டுக்கண்ணோடு சேர்த்து வெளியே விரட்டினார்.

அந்த நெருக்கத்தில்தான் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். தோட்டத்தில் காப்பி இருந்த நாளில் நானும் பழம் பறித்தவன். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். என் சாக்கில் மட்டும் எப்போதும் பாதி பச்சைக்காயாகக் கிடக்கும். கங்காணி அதைத் திமிர் என்று நினைத்து என் முதுகை உரித்தார். இலைநோய் வந்து காப்பி அழிந்தபோது ஊரே தலையில் கைவைத்தது, எனக்கோ நிம்மதி. தேயிலையில் எல்லாம் ஒரே பச்சை அல்லவா!

சிரிப்பாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனைவி காலுறை பின்ன வைத்திருந்த கம்பளி நூல்களை மேசையில் கொட்டி, ஒரு பச்சை நூலைக் கையில் கொடுத்தார். "இதே நெறத்துல இருக்குறதையெல்லாம் எடு." எடுத்தேன். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். "சரி, போதும். தேத்தண்ணி குடி" என்றார்.

இரயில் பண்டாரவளை வரை வந்த வருடம், கொடி காட்ட ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. லயத்தில் பிறந்தவனுக்குச் சர்க்கார் உடுப்பு! இனி எந்தக் கங்காணி முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தேகசுகக் கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள். அண்ணன் மறுநாளே இங்கிலீசில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அரக்கு வைத்துக் கொடுத்தார். பண்டாரவளைக்கு இரண்டு நாள் நடந்தேன். மழையில் நனையக் கூடாதென்று அதை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

கடிதத்தைப் படித்த இரயில் துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு கொடிகளை முன்னால் போட்டு, சிவப்பு எது என்று கேட்டார். ஒன்றைத் தொட்டேன். வேலைக்கு வந்து நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் கண்ணைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

திரும்பி வந்து நேராக ஆஸ்பத்திரிக்குள் போய் நின்றேன். "மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமேண்ணே?"

அவர் தலை நிமிரவில்லை. "கண்ணோட பின்சுவத்துல நெறம் பிரிக்கிற நரம்பு மூணு வகைங்கிறாங்க வேலு. ஒனக்கு அதுல ஒண்ணு பொறப்புலேயே இல்ல. தாய் வழியா வர்றது. பொம்பளைங்கள அனேகமா ஒண்ணும் செய்யாது, அவங்க பெத்த ஆம்பளப் புள்ளைங்கள்ல சிலபேருக்கு வந்துரும்."

"நான் கேட்டது அது இல்ல."

"சொல்லியிருந்தா நீ வேற எடத்துல கடுதாசி வாங்கியிருப்ப. இரயில் கோச்சியில வர்ற சனங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

வாங்கியிருப்பேன்தான். ஆனாலும் என் அவமானத்தை என் மடியிலேயே கட்டி அனுப்பியவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதன்பிறகும் ஒரே தோட்டத்தில்தான் இருந்தோம். காய்ச்சலுக்கு அவரிடம்தான் மருந்து வாங்கினேன், அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போனேன். என்னைக் கண்டால் எழுந்து நின்று பேசுவார். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவே இல்லை. "தப்புதான்டா" என்று ஒரு வார்த்தைக்கு இத்தனை வருடம் காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

இப்போது இரயில் பதுளைக்கே வந்துவிட்டது. என் தங்கை மகன் செல்லையாவுக்கு இருபது வயது. கொடி பிடிக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். பழுத்த மிளகாய் பறித்துவரச் சொன்னால் காயைப் பறித்துவருபவன் அவன். நான் அண்ணன் செய்ததைச் செய்யவில்லை. எதிரே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்தான்.

"ஒங்களுக்குக் கெடைக்காதது எனக்கும் கெடைக்கக் கூடாது. அதானே மாமா?"

போன வாரம் எந்த வைத்தியரிடமோ கடிதம் வாங்கிவிட்டான். மாதம் பிறந்ததும் வேலைக்குச் சேர்கிறானாம்.

அடக்கச் செய்தி வந்த மறுநாள் அவன் கண்ணைப் பற்றி நான் இரயில் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். செல்லையாவுக்குத் தெரியாது. தங்கைக்கும் தெரியாது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அருளப்பன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் காரியம்தான். செய்த பிறகு, யாருக்குச் செய்தோமோ அந்த ஆளின் முகத்தை வருடக்கணக்காக எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை.