கோழிக்குஞ்சு மஞ்சள்

பெங்களூரிலிருந்து பிரியா போன் பண்ணி, "அத்தை, பாப்பாவுக்கு ஒரு குல்லா போட்டுக் குடேன், உன் கையால" என்று கேட்டதும், என் வாய் தன்பாட்டுக்கு, "எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியறதில்லம்மா" என்று சொல்லிவிட்டது. சுத்தப் பொய். அதற்கு முந்தின வாரம்தான் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை பின்னி மாட்டியிருக்கிறேன். பிரியா என் நாத்தனார் விஜயாவின் பெண். ஏழாம் மாசம் நடக்கிறது. தொட்டில், கொசுவலை, முழங்கை நீளம்கூட இல்லாத சட்டைகள் என்று எல்லாவற்றையும் இப்போதே வாங்கி அடுக்கி, போட்டோ பிடித்து அனுப்பியிருந்தாள். அந்தப் போட்டோவை இரண்டாவது தடவை பார்க்காமல் மூடிவிட்டேன். அவளிடம் எப்படிச் சொல்வேன்?

போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து நூல் பெட்டியை இழுத்தேன். குல்லா போடுவதற்காக அல்ல, சும்மா பார்க்கத்தான். திறந்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு ஊட்டிதான் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடியதும் அங்கே எல்லாப் பெண்களும் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துவிடுவார்கள். நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? நானும் ஆரம்பித்தேன். முதலில் போட்டது ஒரு மஃப்ளர். வழியில் கண்ணிகளை நழுவவிட்டுக்கொண்டே போனதில், அகலமாக ஆரம்பித்து மாட்டு நாக்கு மாதிரி முடிந்தது. அதையும் வெட்கமில்லாமல் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

கல்யாணம் செஞ்சிக்காரரோடு ஆயிற்று. ஊட்டியில் ஒட்டிக்கொண்ட பழக்கத்தோடு செஞ்சிக்கு வந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். இங்கே மலை என்றால் பாறை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகல் பூரா வெயிலைக் குடித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருவைப் பார்த்து ஊதும். அந்த ஊரில் புது மருமகள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளி நூலை எடுத்தால் மாமியார் என்ன சொல்வார்? "வெயிலுக்கு தோலையே கழட்டி வெச்சிரலாமான்னு இருக்குது, இவ ஸ்வெட்டர் போடறாளாம்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே ஒழிய தடுக்கவில்லை. அதனால் நான் மனுஷர்களை விட்டுவிட்டுச் சாமான்களுக்குப் பின்ன ஆரம்பித்தேன். டிவிக்கு, மிக்சிக்கு, டெலிபோனுக்கு. வீட்டுக்காரரின் டிவிஎஸ் வண்டி சீட்டுக்குக்கூட ஒன்று போட்டேன். ஒரு மத்தியானம் அதில் உட்கார்ந்து கடைத்தெரு வரை போய்விட்டு வந்தவர், "அடுப்பு மேல குந்தின மாதிரி இருக்குதுடி" என்று அதைக் கழற்றி வீசினார். எங்கள் வீட்டில் கம்பளிச் சட்டை போடாத சாமான் அம்மிக்கல் ஒன்றுதான்.

அப்போதெல்லாம் நூல் இந்த மாதிரி உருண்டையாக வராது. மாலை மாதிரி முறுக்கி வரும். பாண்டிச்சேரி போகும்போது வாங்கி வருவேன். அதைப் பிரித்து ஒருத்தர் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார வேண்டும், இன்னொருத்தர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். கை கொடுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. வீட்டுக்காரர் நூலைக் கண்டாலே செருப்பை மாட்டிக்கொள்வார். மாமியாருக்கு அப்போதுதான் முட்டி வலி வரும். மாட்டிக்கொண்டவள் விஜயா.

விஜயாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே உயரமானவள், நிலைப்படியில் குனிந்துதான் வருவாள். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். கையில் நூலை மாட்டிவிட்டால்தான் பெட்டிப்பாம்பு. "அண்ணி, மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு வுடேன்" என்பாள். நான் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவேன். அந்த நேரத்தில்தான் அவளுக்குப் பேச்சு வரும். சிங்கவரத்து மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் என்னிடம்தான், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சிங்கவரத்துக்கே கட்டிக்கொடுத்தோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமியார் அலமாரியைக் குடைந்து மாமனாரின் பழைய வேட்டிகளை எடுத்து, துவைத்து, காயவைத்து, கிழித்து மடித்தார். புதுசு எதுவும் கூடாது. பிறக்கிற வரைக்கும் பிள்ளைக்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆனால் பின்னுகிறவள் கை இருக்கிறதே, அது சனியன். பிள்ளை பிறந்த பிறகு ஊசியை எடுத்தால், போட்டு முடிப்பதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும் என்று அது சொன்னது. மார்கழிப் பனியில் பிறக்கப் போகிற பிள்ளை, தலைக்கு ஒரு குல்லா வேண்டாமா என்றும் சொன்னது. பாண்டிச்சேரியில் ஒரு மஞ்சள் பார்த்து வைத்திருந்தேன். எலுமிச்சை மஞ்சளும் இல்லை, சாமந்தி மஞ்சளும் இல்லை. முட்டையை விட்டு வந்து ஈரம் காய்ந்த கோழிக்குஞ்சு இருக்குமே, அந்த மஞ்சள். வாங்கி வந்துவிட்டேன்.

சுற்றக் கை வேண்டுமே! விஜயாதான் கொடுத்தாள். "இன்னா அண்ணி, இது எதுக்கு?" என்று கேட்டாள். "மிக்சி கவர் பழசா பூட்சு, அதுக்குத்தான்" என்றேன். அவள் கை நிறைய வளைகாப்பு வளையல். நூல் ஒவ்வொரு சுற்று கழலும்போதும் வளையலில் உரசிக் கிணுகிணு என்று ஒரு சத்தம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். உன் பிள்ளைக்குத்தான்டி, உனக்கே தெரியாமல் நீயே கை கொடுக்கிறாய் என்று சிரித்துக்கொண்டேன்.

ரேஷன் கடைக்குப் போனால் பையில், மாவு மில்லுக்குப் போனால் பையில் என்று ஒளித்து வைத்து ஒளித்து வைத்துப் பின்னினேன். என் முஷ்டியில் மாட்டினால் சரியாக இருக்கும், அவ்வளவு சின்னது. உச்சியில் ஒரு குஞ்சம். புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, பிறந்ததும் கொண்டுபோய் மாட்டி எல்லோரையும் அசத்த வேண்டும் என்று காத்திருந்தேன்.

பையன் பிறந்தான். ஒரு பகல் மட்டும் இருந்தான். காலையில் வந்தவன், விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டான். இதயம் சரியாக வளரவில்லை, கருவிலேயே அப்படித்தான், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "யார் கண்ணு பட்டுதோ, எவ இன்னா பண்ணாளோ" என்று அழுதார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

குல்லாவைத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தேன். கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் போதும், சர்ரென்று வந்துவிடும். பின்ன எத்தனை நாள் ஆயிற்றோ, பிரிக்கப் பால் பொங்குகிற நேரம்தான்.  யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம்தான் அப்போது பெரிதாக இருந்தது, நிஜத்தைச் சொல்கிறேன்.

நூலைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, பெட்டியில் வைத்திருக்கவும் முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதோடு சிவப்பு நூலைச் சேர்த்து, வரிசையாகக் குஞ்சம் தொங்குகிற மாதிரி வாசல் தோரணம் பண்ணி, கூடத்து நிலையில் மாட்டினேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரே தொங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா. விஜயா வரும்போதெல்லாம் அந்தக் குஞ்சங்கள் அவள் நெற்றியில் இடிக்கும். புறங்கையால் ஒதுக்கிக்கொண்டே உள்ளே வருவாள். "இன்னா அண்ணி, என் ஒயரத்துக்குன்னே கட்டினியா?" என்பாள். நான் அண்ணாந்து பார்க்கவே மாட்டேன்.

ஒரு அமாவாசைக்கு மாமியார் எங்கள் இருவரையும் மேல்மலையனூருக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, அங்காளம்மனைப் பார்த்ததும் விஜயா என்ன வேண்டினாளோ தெரியாது. நான், "தாயே, அந்தக் குல்லாவை மட்டும் மறந்துடு" என்று வேண்டினேன். அம்மன் மறந்தாள் போலிருக்கிறது. பிரியா பிறந்தாள், நன்றாக இருக்கிறாள். நான்தான் மறக்கவில்லை. பிரியாவுக்குப் பேர் வைத்து, கழுத்து நின்று, குப்புற விழுகிற வரை ஊசியைத் தொடவில்லை. "மிக்சிக்கெல்லாம் போடற, என் பொண்ணுக்கு ஒண்ணு போட ஒனக்கு மனசு வரல" என்று விஜயா ஒருமுறை வாய்விட்டே கேட்டாள். நான் காபி போடப் போய்விட்டேன். அந்தக் கசப்பு அவளுக்கு எங்கேயோ ஓர் ஓரத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது.

அதனால்தான் போன வெள்ளிக்கிழமை மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, செடியோடு பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள், உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"அவ கேட்டது ஒரு குல்லா. அதுக்கு கண்ணு தெரியலன்னியாமே. ஃப்ரிட்ஜுக்கு மட்டும் தெரியுதா?"

நான் முறத்தைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவளே செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டே, "இன்னாதான் அண்ணி ஒனக்கு எம் புள்ளைங்க மேல?" என்றாள்.

அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாண்டிச்சேரி மஞ்சள், மிக்சி கவர் என்று சொன்ன பொய், ரேஷன் கடை, புடவைக்கு அடியில் வைத்தது, எல்லாம். "நான் போட்டதாலதான் அப்படி ஆச்சோன்னு இத்தினி வருஷம் செத்துனு இருக்கேன் விஜயா. அதான் பிரியா விஷயத்துலயும் எனக்குப் பயம்" என்றேன். அவள் என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

விஜயா காய் ஆய்வதை நிறுத்தினாள்.

"ஐய, குல்லா போட்டா புள்ள சாவுமா? பைத்தியமா நீ? டாக்டர் சொன்னத நானும்தானே கேட்டேன்" என்றாள். எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அது? குடு, பாக்கறேன்."

"பிரிச்சுட்டேன்."

"பிரிச்சுட்டியா?"

"அப்பவே."

"ஏன் பிரிச்ச?" அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதேயில்லை. "அவனுக்குன்னு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுனு இருந்தேன் அண்ணி. ஒரு பேரு இல்ல, ஒரு போட்டோ இல்ல. நைனாவோட பழைய வேட்டியிலதான் சுத்தி எடுத்துனு போனாங்க. அவன் வருவான்னு ஒருத்தி ஒண்ணு செஞ்சு வெச்சிருந்திருக்கா. அதை என் கண்ணுல காட்டாம பிரிச்சிருக்க."

நான் சிதறிக் கிடந்த இலைகளைக் கூட்டி ஒதுக்கினேன்.

"நூலு? நூலாவது இருக்குதா?"

தோரணத்தைக் காட்டலாம் என்றால் அது எங்கே இருக்கிறது? வீட்டுக்கு டைல்ஸ் போட்ட வருஷம் கழற்றி, எலி கடித்திருக்கிறது என்று போகி நெருப்பில் போட்டோம். நானேதான் போட்டேன். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நூல்தான் தோரணமாகத் தொங்கியது என்பதையும், அதை நெருப்பில் போட்டதையும் சொன்னேன். எதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

பின்னியதற்காக இத்தனை வருஷம் புழுங்கியிருக்கிறேன். பிரித்ததற்காக ஒரு நாள், ஒரு பொழுது வருத்தப்பட்டதில்லை. தப்பு எது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேனே, என்ன ஜென்மம் நான்.

விஜயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஆய்ந்த காய்களை என் முறத்தில் கொட்டினாள். "பாப்பாவுக்குப் போடு அண்ணி. இப்பவே ஆரம்பி. போட்டுட்டு பிரிச்சுடாத" என்றாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தவள் கூடத்து நிலைக்குக் கீழே நின்றாள். புறங்கையை மெல்ல நெற்றிக்கு நேரே உயர்த்தினாள். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அங்கே எதுவும் இல்லை.