நான்கு அத்தியாயங்களை என்னிடம் விட்டுப்போனவர்

எஸ்தர் சிஸ்டர் காலமான செய்தி சென்ற வாரம் அவருடைய தங்கை எழுதிய இன்லேண்ட் கடிதத்தில் வந்தது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். புதூர்நாட்டு மலை மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். செய்தி எட்டாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்த மருத்துவமனையில் ஆறே கட்டில்கள். டாக்டர் வாரம் இருமுறை திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் நர்ஸான அவரும் கம்பவுண்டரான நானும்தான். சிஸ்டருக்குக் கதை என்றால் பைத்தியம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து அடுக்கி, காயத்துக்குத் தையல் போடுகிற அதே நேர்த்தியோடு நூலால் தைத்து வைப்பார். ஆனால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மட்டும் அவர் கைக்கு வராது. டிசம்பர் பிறந்ததும் மூங்கில் பட்டையும் கலர் பேப்பருமாக உட்காருவார். ஐந்து முனைகளில் ஒன்று கட்டாயம் கோணிக்கொள்ளும். "வானத்துல இருக்கிறத யாரு கிட்ட போய்ப் பார்த்தாங்க?" என்பார்.

ஒரு வருடம் நவம்பர் கடைசியில் சின்னப்பொண்ணு என்ற பெண்ணைத் தூக்கி வந்தார்கள். சாமைக் கொல்லையில் காவலிருந்த பரண் முறிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர். நடுவில் பிரித்தால் கால் கோணலாகவே கூடும், பிறகு மேடேறி இறங்க முடியாது என்றும் சொன்னார்.

பத்தாம் நாளே அவள் ஆரம்பித்துவிட்டாள். "வலி போய்டுச்சுங்க. அறுப்புக்கு ஆளில்ல. இத்த வெட்டி எட்துடுங்க, நான் வூட்டுக்குப் போறேன்."

சிஸ்டர் வாதாடவில்லை. பேப்பர் சங்கிலி ஒட்டும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தொடர்கதையைச் சத்தமாக வாசித்தார். ரயிலில் காணாமல்போன தம்பியைத் தேடிப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் மூடிவைத்தார்.

"இன்னாங்க சிஸ்டர், அந்தப் புள்ள கெடைச்சானா இல்லியா?"

"நாளைக்கு."

இப்படியே இரண்டு வாரம் போயிற்று. மற்ற கட்டில்காரர்களும் அந்த நேரத்துக்குக் காத்திருந்தார்கள்.

டிசம்பர் இருபதாம் தேதி சிஸ்டர் பெட்டி கட்டினார். எனக்குக் கோபம் வந்தது. "இவளை இப்படி விட்டுட்டுப் பண்டிகைக்குப் போறீங்களே" என்று கேட்டுவிட்டேன்.

அவர் புடவையை மடித்தபடியே பதில் சொன்னார். "மூணு வருஷமா போகல. இந்த வருஷமும் போகலன்னா எங்கம்மா என்னை விருந்தாளின்னுதான் சொல்லுவாங்க. நீங்க இருக்கீங்க இல்ல?" பிறகு நான்கு அத்தியாயங்களை என் கையில் கொடுத்துவிட்டு வேலூருக்குப் போய்விட்டார்.

முதல் நாள் என் வாசிப்பைக் கேட்ட சின்னப்பொண்ணு, "மருந்து எழுதின சீட்டப் படிக்கிற மாதிரி இருக்குதுங்க. அவ அழுவுறா இல்ல? கொஞ்சம் மெதுவாப் படிங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் கணவர் நான்கு ஆட்களோடும் ஒரு கயிற்றுக் கட்டிலோடும் வந்து நின்றார். அவளைத் தூக்கிப் போகத்தான். டாக்டர் வரும் நாளும் இல்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "படிச்சு முடிச்சதும் பேசிக்கலாம்" என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினேன். ஆட்கள் கட்டிலைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பெண் முன்பின் தெரியாத ஸ்டேஷனில் இறங்குகிற இடத்தில் அத்தியாயம் முடிந்தது.

"அப்புறம்?" என்று கேட்டது கணவர்தான்.

"அது நாளைக்கு" என்றாள் சின்னப்பொண்ணு. "நீ போய் அறுப்பப் பாரு. கால் ஆனதும் நான் வர்றேன்."

அவரும் ஆட்களும் வெறும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

நான்காம் அத்தியாயத்திலும் கதை முடியவில்லை. மீதியைக் காணோம். அலமாரி முழுக்கத் தேடினேன். கிறிஸ்துமஸ் அன்று ஆறு கட்டில்காரர்களும் என்னைத் திட்டினார்கள்.

மறுநாள் மதியம் ஜீப்பிலிருந்து சிஸ்டர் இறங்கினார். ஒரு கையில் கேக் பொட்டலம், இன்னொரு கையில் கடைசி அத்தியாயம். யாரும் முடிவை முன்கூட்டியே படித்துவிடக் கூடாதென்று எடுத்துப் போயிருந்தாராம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாசித்தார். தம்பி கிடைத்தபோது சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜனவரியில் கட்டைப் பிரித்தார்கள். சில வாரம் தடி ஊன்றி நடந்தாள். அப்புறம் அதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்த அன்று மாலை கேக்கைத் தின்றபடி சிஸ்டர் சொன்னார், "நான் இல்லாட்டி நடக்காதுன்னு நெனச்சிருந்தா, நீங்க படிக்கிறத அவங்க கேட்டிருக்கவே முடியாது." நான் கோபப்பட்டது தப்பு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கூச்சமாக இருந்தது. பிறகு எனக்கு மாற்றல் வந்தது. வருடா வருடம் வாழ்த்து அட்டை அனுப்பினேன். அதிலும் எழுதவில்லை.

என் மனைவிக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் அவளுக்கு ஏதாவது வாசிக்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். அழுகிற இடம் வந்தால் என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது. எஸ்தர் சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குரல்தான்.