மெக்கானிக்குக்கு வந்த காய்ச்சல்

அட்டைப்பெட்டி ஆலையில் மெக்கானிக்குக்கு எதிரி என்று யாரும் கிடையாது, சொந்தச் சகலையைத் தவிர. அக்காளை இவர் கட்டினார், தங்கையை அவன் கட்டினான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவருக்குக் கையில் தொழில் இருந்தது. அவனுக்கு? ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான். ஆனால் லோடு ஏற்றுகிறவர் முதல் பெருக்குகிற அம்மா வரை எல்லோர் வீட்டுக் கதையும் அவனுக்கு அத்துப்படி.

ஃபோர்மேன் ஓய்வு பெறப்போகிறார். அடுத்து வருகிறவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் சகலை சாய்ந்திருக்க, தான் எண்ணெய்க் கையோடு எதிரே நிற்பதை நினைத்தாலே மெக்கானிக்குக்கு வயிறு பற்றி எரிந்தது.

"வாய் மட்டும் இல்லேன்னா உன் தங்கச்சி புருஷனை நாய்கூடச் சீண்டாது" என்றார் மனைவியிடம்.

"அவரு நாலு பேரைச் சேத்துக்கிட்டு வேலை பாக்குறாரு. நீங்க கிட்ட வர்றவங்களையே விரட்டுறீங்க" என்றாள் அவள்.

அது பொய்யில்லை. விடுமுறை முடிந்தால் ஒட்டும் மெஷின் லேசில் கிளம்பாது. உருளையில் பசை இறுகிப்போயிருக்கும். மெக்கானிக் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, முதுகால் மறைத்துக்கொண்டு ஏதோ செய்வார். கால் மணி நேரத்தில் ஓடும். என்ன செய்தார் என்பது ஈ காக்கைக்குத் தெரியாது. அதுதான் தன் பலம் என்று பதினெட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன்.

இரண்டு நாள் விடுமுறை முடிந்த காலை. பெரிய ஆர்டருக்காக லாரி வந்து நின்றது. புது ஃபோர்மேன் யார் என்று முதலாளி சொல்லப்போவதும் அன்றைக்குத்தான். மெக்கானிக் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மெஷின் முரண்டு பிடிக்கும். சகலை கையைப் பிசைவான். முதலாளியே கார் அனுப்பிக் கூப்பிடுவார், காலில் விழாத குறையாக.

ஒன்பது ஆயிற்று. பத்தும் ஆயிற்று. தலையணையோரம் கிடந்த போன் கம்மென்று இருந்தது. பதினொன்றுக்கு மேல் தாங்க முடியவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டுக்கு வரும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

உள்ளே சகலை ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். லோடு ஏற்றுகிறவர்தான் மெக்கானிக்கிடம் ஓடிவந்து பெருமையாகச் சொன்னார்.

"அண்ணன் செய்யறதுல யாரு யாரு எதைப் பாத்திருக்கீங்கன்னு இவரு எங்களைக் கூட்டிவச்சுக் கேட்டாரு. நீங்க வெந்நீர் கேப்பீங்கன்னு நான் சொன்னேன். முதல்ல உருளை பின்பக்கமா சுத்துற சத்தம் வரும்னு ஆபரேட்டர் சொன்னாரு."

பெருக்குகிற அம்மா சிரித்தார். "மெஷினோட இடது காலுக்கு அடியில அட்டையை மடிச்சு வைப்பீங்களே. பழைய அட்டைத் துண்டைக் கூட்டி அள்ளுறது நான்தானே."

பதினெட்டு வருஷ ரகசியம் ஆளுக்கொரு துண்டாக அவர்களிடமே கிடந்திருக்கிறது. சேர்த்துக் கேட்க ஒருவன் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடி அறையின் சாவி சகலையின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது. முதலாளி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மெக்கானிக் குனிந்து மெஷினின் பக்கம் காதைக் கொடுத்தார். ஒரு தட்டல், ஓர் உரசல், ஒரே ஒரு தப்பு இருந்துவிடாதா என்று மனசு கெஞ்சியது. அவர் ஓட்டினால் எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது.

சகலை அருகில் வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நெற்றி ஜில்லென்று இருந்தது. ஒரு நொடி அவர் கண்ணைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நல்லா காயுதுண்ணே. வீட்டுக்குப் போய்ப் படுங்க. இங்க நாங்க பாத்துக்கறோம்."

அதற்குப் பதில் அவன் காட்டிக்கொடுத்தே இருக்கலாம் என்றிருந்தது மெக்கானிக்குக்கு.